தட்டு என்றாள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு முழுநேர வேலையே பயப்படுவதுதான். லிஃப்ட் பழுது பார்ப்பது பகுதி நேரம். இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். மச்சினிக்கு அந்த உரிமை உண்டு. அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"லிஃப்ட் வேலைக்குப் பயந்தவன்தான் வேணும் சின்னவளே. தைரியசாலி எவனும் அங்க ரொம்ப நாள் நிலைக்கிறதில்ல" என்பார்.

அது உண்மைதான். லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, மேலே இருட்டுக்குள் போகும் கம்பி வடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிற ஆள் அவர். ஒரு இழை அறுந்திருந்தாலும் விரலுக்குத் தெரிய வேண்டும். பிரேக் விழும் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் காதுக்குத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட மனிதருக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்ததும் பயத்தால்தான். ரசனையால் என்று அவரே சொன்னாலும் நம்பாதீர்கள்.

கல்யாணமான புதிதில் நடந்தது. பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டு மாடிகளுக்கு நடுவே கூண்டின் மேல் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். உச்சியில் மோட்டார் அறையில் இருந்த கூட்டாளி, வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து லிஃப்டின் மெயினை அணைத்து, கதவையும் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். மாமாவைச் சுற்றிக் கும்மிருட்டு. கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. கீழே எவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரியும் என்பதுதான் பிரச்சினை. கம்பி வடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு இசைத்தட்டைப் போட்டார்கள். கிட்டார், டிரம், தெரியாத மொழியில் ஒரு குரல். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பாட்டு ஓடும்வரை நெஞ்சுத் துடிப்பு அடங்கி இருந்ததாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் பயம் கால் வழியாக ஏறிக்கொண்டு வருமாம். அடுத்த பாட்டு தொடங்கியதும் இறங்கிவிடுமாம். ஒரு பக்கம் முடிந்து சத்தம் நின்றபோது, அவ்வளவுதான், நாம் தீர்ந்தோம் என்று நினைத்திருக்கிறார். யாரோ எழுந்து வந்து தட்டைத் திருப்பிப் போட்டார்கள்.

"அந்தக் கை யாரோடதோ, அதாலதான் நான் இன்னிக்கு இருக்கேன்" என்று இன்றைக்கும் சொல்வார்.

கூட்டாளி திரும்பி வந்து வெளியே எடுத்ததும், கை முழுக்கக் கிரீஸோடு அந்த மாடியில் இருந்த வீடுகளின் கதவுகளை எல்லாம் தட்டியிருக்கிறார். கடைசியில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பெண் கதவைத் திறந்து, உறையை எடுத்துக் காட்டியிருக்கிறாள். சுவர் முன்னால் நிற்கும் ஐந்து பேர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல், குழுவின் பெயரைப் படம் வரைவது போல உள்ளங்கையில் வரைந்துகொண்டு வந்திருக்கிறார்.

அடுத்த வாரமே அந்தத் தட்டை வாங்கிவிட்டார். வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி கிடையாது. "பாயே இல்லாம தலகாணி வாங்கின கதையா இருக்கு" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். கருவி வரும்வரை அந்த ஐந்து பேரையும் மேசைமேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம் மனிதர்.

கருவி வந்தது. பாடியது. உடனே அடுத்த பயம் வந்தது. ஊசி தேய்க்கத் தேய்க்கத் தட்டு தேய்ந்துவிட்டால்? அதே தட்டில் இன்னொன்று வாங்கிப் பத்திரப்படுத்தினார். பத்திரப்படுத்தியதாவது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அது வேறு மாதிரி ஒலித்தது. முதல் தட்டில் பாட்டு தொடங்குமுன், அந்த ஐந்து பேரில் பாடுகிற தாடிக்காரன் மூச்சை இழுப்பது கேட்காது. இதில் கேட்டது. வேறு ஆலையில் வேறு அச்சில் வார்த்ததாம். அப்படியானால் மூன்றாவது ஆலையில் வார்த்ததில் என்ன கேட்கும்? இந்தக் கேள்விக்குள் காலை விட்டவர்தான், பிறகு எடுக்கவே இல்லை.

நான் தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறவள். அவர் பார்சல்கள் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வரும். எந்தெந்த நாட்டு முத்திரையோ குத்திய சதுர அட்டைப் பொதிகள். உடன் வேலை செய்கிறவர்கள், "உங்க மாமாவுக்கு இன்னொரு சம்பந்தம் வந்திருக்கு" என்று கிண்டல் செய்வார்கள். ஒவ்வொன்றையும் நான் அலுங்காமல் ஓரமாக எடுத்து வைப்பேன்.

வீட்டின் உள் அறை தட்டுகளுக்கு என்று ஆகிவிட்டது. மகள் வெளியூரில் படிக்கப் போனதும் அவள் அறையும் போயிற்று. சன்னலைத் திறந்தால் வெயில், மூடினால் ஈரம். இரண்டுக்கும் நடுவே சன்னலை எவ்வளவு திறப்பது என்பதில் தினமும் ஒரு சண்டை. தட்டுகள் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும், படுக்கவே கூடாது. ஓரத்தையும் நடு லேபிளையும் தவிர எங்கேயும் விரல் படக்கூடாது. பாட்டு பதிந்த வரிகளின் மேல் ரேகை பட்டால் தூசி ஒட்டும், தூசி ஒட்டினால் கரகரக்கும், கரகரத்தால் மாமாவின் அன்றைய சாப்பாடு அவ்வளவுதான்.

சாப்பிடும் தட்டுக்குக்கூட அந்த வீட்டில் பெயர் மாறிவிட்டது. அது 'பிளேட்டு'. தட்டு என்றால் இசைத்தட்டு ஒன்றுதான். அக்காவைப் பார்க்கப் போன உறவுக்காரர் ஒருவர், "தட்டு எங்கம்மா இருக்கு, நானே எடுத்துக்கறேன்" என்று பசியோடு கேட்கப் போய், மாமா பதறி எழுந்து அந்த அறைக்குக் குறுக்கே நின்றது எங்கள் குடும்பத்தில் வெகு பிரசித்தம்.

அக்கா இதையெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அவள் ஆயத்த ஆடை ஆலையில் தையல் சரிபார்க்கிறவள். நூறு சட்டைகளில் ஒரு சட்டையில் ஒரு தையல் தாண்டியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். மாமாவுக்குக் கிட்டப் பார்வை மங்கிய பிறகு, லேபிளைச் சுற்றியிருக்கும் வெற்று வளையத்தில், எந்த அச்சு என்று தட்டு ஆலைக்காரர்கள் கீறி வைத்திருக்கும் எண்ணை அவள்தான் படித்துச் சொல்வாள். "என் தலையெழுத்து, இதையும் படிக்கணும்னு" என்று முனகிக்கொண்டேதான் படிப்பாள்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இல்லை. அந்தச் சின்னத் தட்டு வந்து கெடுத்தது.

அந்த ஐந்து பேரும் முதன்முதலாகப் போட்ட தட்டு அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. ஆலையில் லேபிளைப் பக்கம் மாற்றி ஒட்டிவிட்டார்களாம். கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் கொஞ்சம் வெளியே போய்விட்டதாம். அந்தத் தப்புத் தட்டுக்காகத்தான் மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் கிடைத்துவிட்டதாகப் போன் செய்தார். அன்றிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அனுப்பிவிட்டாரா, வழியில் மழையா, மூட்டையைத் தூக்கிப் போடுவார்களா என்று என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்.

"உங்க ஆளுங்க தூக்கிப் போடுவாங்கன்னு நீயே சொல்லியிருக்க."

"எல்லாரும் போட மாட்டாங்க மாமா."

"அப்ப சில பேரு போடுவாங்க!"

பொதி வந்ததும், தபால்காரர் பையில் போட விடாமல் நானே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. பச்சைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆளின் முழங்கை அதில் இடிக்க வந்தபோது நான் போட்ட கத்தலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய பயம் எனக்கும் தொற்றிக்கொண்டதே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அக்காவுக்கும் மாமாவுக்கும் அன்று விடுமுறை. அக்கா மேசையில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். மாமா கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி துடைத்து, பொதியைப் பிரித்தார். நான் டீ போடச் சமையலறைக்குப் போனேன்.

"மாமா, தாடிக்காரன் அப்ப தாடி வச்சிருந்தானா, இல்ல மீசைதானா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். அக்கா வாயில் ஆப்பிளோடு சிரிப்பது கேட்டது. பிறகு ஒரு விக்கல் மாதிரி சத்தம். பிறகு மாமாவின் குரல்.

"என்ன, கீறலா? எங்க?"

நான் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்துக்கொண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து நாற்காலி விழுந்தது. மாமா அக்காவைப் பெயர் சொல்லிக் கத்தினார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஓடினேன். அக்கா மேசைமேல் கவிழ்ந்திருந்தாள். முகம் நீலம் பாய்ந்திருந்தது. மாமா அவள் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டிருந்தார். கடைசியில் ஆப்பிள் துண்டு வாயிலிருந்து தெறித்து விழுந்தது. அக்கா இழுத்த மூச்சு அறை முழுக்கக் கேட்டது. மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். விழுந்த நாற்காலிக்கு அடியில் அந்தச் சின்னத் தட்டு கிடந்தது. ஓரம் பிய்ந்து, நடுவரை ஆழமாக ஒரு கோடு. அதை யாரும் எடுக்கவில்லை.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். தொண்டை புண்ணாகியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். எல்லாம் முடிந்தது என்று நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

முடியவில்லை. அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். தொண்டை ஆறிய பிறகும் பேசவில்லை. கேட்டதற்கு ஆம், இல்லை. மகளின் கட்டிலில் போய்ப் படுத்தாள். தட்டு அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சன்னலை மாமா எவ்வளவு திறந்தாலும் சண்டைக்கு வருவதில்லை. போன் செய்தால், "நல்லா இருக்கேன்டி" என்று வைத்துவிடுவாள்.

சில வாரம் கழித்து மாமா என் கவுன்ட்டருக்கு வந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குள் குனிந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை.

"உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"யாரு? அக்காவா? ஒண்ணும் சொல்லலியே."

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொன்னாளா?"

பின்னால் நின்றவர் ஸ்டாம்ப் வேண்டும் என்றார். மாமா நகரவில்லை. ஓட்டைக்கு இன்னும் கிட்டே வந்தார்.

"அவளுக்கு அடைச்சுக்கிச்சு. கைய நீட்டி, என்னைப் பாத்து, 'தட்டு'ன்னா. காத்துதான் வந்துச்சு, ஆனா எனக்குத் தெளிவா கேட்டுச்சு. தட்டுன்னா. முதுகைத் தட்டச் சொல்லியிருக்கா சின்னவளே. நான் கையில இருந்த தட்டைத் திருப்பிப் பாத்தேன். கீறலான்னு கேட்டேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். அவ அங்க மூச்சு விடாம என்னையே பாத்துட்டு இருந்திருக்கா."

சமையலறையில் நான் கேட்ட 'கீறலா' அதுதான். "உடனே அடிச்சீங்கல்ல மாமா, அதுதானே முக்கியம்" என்றேன்.

"உடனே இல்ல. பாத்துட்டு அப்புறம்தான்."

ஸ்டாம்ப்காரர் சத்தம் போட ஆரம்பித்தார். மாமா அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாசலில் போய் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டுமாம். இரண்டாம் முறை குனிந்தபோது கண் கலங்கியிருந்தது. வேலைக்கு லீவு போட்டிருந்தார். காதை நம்ப முடியவில்லையாம். பிரேக் சத்தம் சரியாகத்தான் கேட்கிறதா, இல்லை தனக்கு வேண்டியது மாதிரி கேட்கிறதா என்று தெரியவில்லையாம். வீட்டில் அக்கா சாப்பிடும்போது ஒவ்வொரு வாய் இறங்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறாராம். ஆப்பிளைத் துருவிக் கொடுக்கிறாராம். அவள் அதைத் தொடுவதில்லையாம்.

"அவ என்னை விட்டுட்டுப் போயிடுவா. போனா தப்பு சொல்ல மாட்டேன். ஆனா போயிட்டா..." என்றார்.

அன்று மாலையே அக்கா போன் செய்தாள். "உன் வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டுமாடி? வந்து கூட்டிட்டுப் போ." குரல் மரத்துப் போயிருந்தது.

உடனே கிளம்பிப் போனேன். எல்லாவற்றையும் கிண்டலில் தாண்டுகிறவள் நான். அன்றைக்கு ஒரு கிண்டலும் வரவில்லை. கதவு திறந்தே கிடந்தது. முன் அறையில் நடக்க இடம் இல்லாமல் அட்டைப் பெட்டிகள். மாமா தரையில் முழங்காலிட்டு, ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். உள் அறையின் அலமாரிகள் காலியாக இருந்தன.

"தட்டு விக்கிற கடைக்காரர் வந்துட்டே இருக்கார். எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லிட்டேன்" என்றார் என்னிடம்.

அக்கா பையோடு அறையிலிருந்து வந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. வாரக்கணக்காக அடக்கி வைத்திருந்த குரல் வெடித்து வந்தது.

"படுக்கப் போட்டிருக்கீங்க!"

மாமா கயிறோடு நிமிர்ந்தார்.

"எல்லாத்தையும் படுக்கப் போட்டு, ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தியிருக்கீங்க! அடியில இருக்கறது என்னத்துக்கு ஆகும்? வளைஞ்சு போகாதா?"

"போனாப் போகட்டும். நீ இருக்கணும்னா இதுங்க இருக்கக் கூடாது" என்றார் மாமா. பிறகு அவருக்குத் தாங்கவில்லை. "நீ முதுகைத் தட்டச் சொன்ன. நான் தட்டைப் பாத்தேன். நீ பாத்துட்டிருந்த. எனக்குத் தெரியும். நீ சொல்லாட்டியும் எனக்குத் தெரியும்."

அக்கா அவரையே பார்த்தாள். கோபம் அப்படியே நின்றுபோய், குழப்பமாகப் பார்த்தாள்.

"நான் எங்கங்க முதுகைத் தட்டச் சொன்னேன்?"

பையைக் கீழே வைத்தாள்.

"தட்டைத்தான் சொன்னேன். உங்க கட்டைவிரல் உள்ள ஏறி, வரிமேல நின்னுட்டிருந்துச்சு. ரேகை பதிஞ்சிடுமேன்னு சொன்னேன். நீங்க சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டீங்க."

என் அக்காவுக்குப் பொய் வராது. சின்ன வயதில் என்னை அடியிலிருந்து காப்பாற்றக்கூட அவள் ஒரு பொய் சொன்னதில்லை, அதில் எனக்கு அவள்மேல் இன்னும் வருத்தம் உண்டு. ஆறுதலுக்காகச் சொல்கிற முகமும் இல்லை அது. பயந்து போன முகம்.

"மூச்சு நின்னு போச்சு. கண்ணு இருட்டிட்டு வருது. பெத்த பொண்ணு முகம் வரலைங்க. செத்துப் போன எங்கம்மா முகம் வரல. உங்க முகம்கூட வரல. உங்க கட்டைவிரல் வருது. இருந்த கடைசி மூச்சை அதுக்குச் செலவழிச்சேன். உங்க பைத்தியம், உங்க பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவ நான். அப்ப எனக்கு என்ன பிடிச்சிருக்கு? இது எப்ப என்கிட்ட வந்துச்சு? அந்த ரூம் பக்கம் போகவே பயமா இருக்கு எனக்கு. அதான் போறேன்."

இதைக் கேட்டு மாமாவுக்கு நிம்மதி வரும் என்று நான் நினைத்தேன். வரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப நான் நிமிந்து உன் மூஞ்சியப் பாக்காம இருந்திருந்தா?"

"செத்திருப்பேன்" என்றாள் அக்கா. "தட்டு நல்லா இருந்திருக்கும்."

மாமா கயிற்றை அவிழ்ப்பதா கட்டுவதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெட்டிகளைத் தாண்டி வாசல்வரை வந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. செருப்பில் காலையும் விட்டுவிட்டாள். அங்கே நின்று ஒருமுறை திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தாள்.

"கடவுளே" என்றாள்.

பையை என் கையில் திணித்தாள். செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெட்டியின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். படுத்துக் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைக்க ஆரம்பித்தாள். மாமா உதவிக்குக் குனிந்தார்.

"தொடாதீங்க. போய்க் கைய கழுவிட்டு வாங்க" என்றாள்.

அவர் போனார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் உறைமேல் சொட்டிவிடாதபடி முகத்தைத் தோளில் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.